பொதுக் கிணறும் பொதுக் கோப்புறையும்

சங்கங்களின் கணனிகளை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, வீட்டுப் பொருள்களைக் கொண்டுசெல்ல வழியிருக்கவில்லை. கையில் எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். அவற்றுள் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பங்கீட்டு அட்டையும் இருந்தன. கமத்தை நம்பி வாழும் மக்களுக்கு அந்தத் தாள்கள்தாம் திரும்பிப் போவதற்கான வழிச்செலவு. அவற்றைப் பேணியவர்களும் உண்டு. பங்கருக்குள் ஈரத்திலும் கடல்நீரேரி கடக்கையிலும் இழந்தவர்களும் உண்டு.

இன்று நிலைமை வேறு. எமது குடும்பங்களின் விபரங்களிற் பெரும்பகுதி தாளில் மட்டும் இல்லை. கமக்காரர் அமைப்பின் உறுப்பினர் பட்டியல், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடன் கணக்கு, விதைநெல் கொடுத்த பதிவு, காணி உறுதிகளின் படப்பிரதிகள், இழப்பீட்டு விண்ணப்பங்கள் ஆகியன கணனிகளில் உள்ளன. ஊரில் உள்ள சங்கத்தின் பிரதிகள் பல, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள சிறிய அலுவலகம் ஒன்றின் கணனியில் இருப்பதும் வழக்கம். போர்க்காலத்தில் எம்மவர் வந்து தங்கிய இடங்கள் இவை. கடிதப் போக்குவரத்தும் சட்ட ஆலோசனையும் இங்கிருந்தே நடந்தன.

அப்படிப்பட்ட அலுவலகங்கள் பல இப்போது கணனிகளை மாற்றுகின்றன. விண்டோஸ் 10 என்ற இயக்க முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. பழைய கணனிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்கமாட்டா. ஆகவே பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவிற்குச் சென்று புதியதோ பாவித்ததோ வாங்க வேண்டியிருக்கிறது. வாங்குவது இலகு. பழைய கணனியில் எல்லோரும் பொதுவாகப் பாவித்த கோப்புகளை, ஒன்றும் தவறாமல், எல்லோரும் முன்போல் திறக்கக்கூடியவாறு புதியதிற்குக் கொண்டுவருவதே கடினம். இப்பாடம் அதைப் பற்றியது.

கணனியைத் தொட்டே பழகாதவர்களும் இதை வாசிக்க வேண்டுமென விரும்புகிறோம். ஏனெனில் கோப்பு உங்களுடையது. அதை வைத்திருப்பவரிடம் கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையது.

கிணறும் வழிவாய்க்காலும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி உறுதிகளை வாசித்தவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். காணியின் பரப்பையும் எல்லைகளையும் சொன்ன பின், அயற்காணியில் உள்ள கிணற்றில் இத்தனை பங்கு என்றும், அதற்குப் போகும் வழிக்கும் வாய்க்காலுக்கும் உரிமை உண்டென்றும் எழுதியிருக்கும். கிணறு ஒருவர் காணியில் இருக்கும். பங்காளிகள் பலர். அவரவர் முறையில் அவரவர் இறைப்பர்.

கணனி வலையமைப்பில் நடப்பதும் இதுவே. அலுவலகத்தில் நான்கு கணனிகள் இருக்கின்றன எனக் கொள்வோம். அவற்றுள் ஒன்றில் 'உறுப்பினர்' என்றொரு கோப்புறையை வைத்து, மற்ற மூன்றிலும் இருப்பவர்கள் அதைத் திறக்க அனுமதி கொடுக்கிறோம். இது பகிர்ந்த கோப்புறை. இளைஞர்கள் இதை 'ஷெயார் போல்டர்' என்பர். இதுவே கிணறு.

மற்றக் கணனிகளில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தக் கணனியின் பெயரையும் கோப்புறையின் பெயரையும் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அந்த முகவரிக்கு 'இசட்' அல்லது 'எஸ்' போன்ற ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கணனியின் சொந்த வன்தட்டு 'சி' என்று தெரிவதுபோல, இதுவும் ஒரு ட்ரைவாகத் திரையில் தெரியும். இதை 'மப்ட் ட்ரைவ்' என்பர். இதுவே வழிவாய்க்கால்.

வாய்க்காலில் தண்ணீர் இருப்பதில்லை, கிணற்றிலிருந்து வருகிறது. அதுபோல 'இசட்' ட்ரைவில் கோப்பு எதுவும் இல்லை. கோப்பு மற்றக் கணனியில் இருக்கிறது. 'எங்களுடைய கணனியிலும் இசட் இருக்கிறது, ஆகவே எங்களிடம் ஒரு பிரதி இருக்கிறது' என்று பலர் நம்பியிருக்கிறார்கள். நான்கு கணனியில் தெரிந்தாலும் கோப்பு ஒன்றுதான். கிணறு தூர்ந்தால் நான்கு வாய்க்காலும் வறண்டுவிடும்.

வழி ஏன் அறுந்துபோகிறது?

கிணறு இருக்கும் கணனியை மாற்றும்போது, கோப்புறையைப் பென் ட்ரைவிலோ வெளி வன்தட்டிலோ படியெடுத்துப் புதியதில் இட்டால் போதும் என்று எண்ணுவது இயல்பு. கோப்புகள் வந்துவிடும். ஆனால் மறுநாள் எவராலும் திறக்க முடியாதிருக்கும். காரணங்கள் ஐந்து.

முதலாவது, 'இந்தக் கோப்புறை பகிரப்பட்டது' என்ற குறிப்பு கோப்புறைக்குள் இருப்பதில்லை. அது பழைய கணனியின் விண்டோஸ் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. கோப்புறையைப் படியெடுக்கும்போது அக்குறிப்பு கூட வராது. புதிய கணனியில் மீண்டும் பகிர வேண்டும்.

இரண்டாவது, முகவரி கணனியின் பெயரில் தொடங்குகிறது. பழைய கணனியின் பெயர் 'அலுவலகம் 1' என்றும் புதியதின் பெயர் வேறாகவும் இருந்தால், மற்றக் கணனிகளில் உள்ள 'இசட்' இன்னமும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, யார் வாசிக்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதி. சிறிய அலுவலகங்களில் ஒவ்வொரு கணனியும் தன் பாவனையாளர் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாவனையாளருக்கும் கணனி ஓர் உள் இலக்கத்தைக் கொடுக்கிறது. புதிய கணனியில் அதே பெயரில், அதே கடவுச்சொல்லுடன் ஒருவரை உருவாக்கினாலும் உள் இலக்கம் வேறு. ஆகவே பழைய அனுமதிகள் செல்லா. மேலும் அனுமதி இரண்டு அடுக்கானது: பகிர்வுக்கு ஒன்று, கோப்புறைக்கு ஒன்று. வலையமைப்பு வழியாக வருபவர் இரண்டையும் கடக்க வேண்டும். இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். படலை திறந்திருந்தாலும் கிணற்றடிக் கதவு பூட்டியிருந்தால் தண்ணீர் அள்ள முடியாதல்லவா?

நான்காவது, 'இசட்' என்ற வழி கணனிக்குரியதன்று, பாவனையாளருக்குரியது. ஒரே கணனியில் இருவர் தனித்தனிக் கணக்கில் வேலை செய்தால் ஒருவருக்குத் தெரியும் 'இசட்' மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அமைக்க வேண்டும்.

ஐந்தாவது, பழைய பேச்சு முறை. விண்டோஸ் கணனிகள் கோப்பைப் பகிரப் பேசும் மொழியின் பெயர் எஸ்.எம்.பி. அதன் முதலாம் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே 2017 மே மாதம் 'வன்னாகிரை' என்ற தீய நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அம்முதலாம் பதிப்பு வழமையாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி அந்தப் பழைய மொழியை மட்டுமே பேசும். ஆகவே மூலையில் இன்னும் ஓர் எக்ஸ்பி கணனி இருந்தால் அது புதியதுடன் பேசாது. சிலர் பழைய மொழியை மீண்டும் இயக்கிவிடச் சொல்வர். அது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்துவது போன்றது. எக்ஸ்பி கணனியை வலையமைப்பிலிருந்து விலக்கி, அதிலுள்ள கோப்புகளைப் பென் ட்ரைவில் எடுத்து, வைரசு சோதித்துப் புதியதில் இடுவதே சரி. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் கட்டுப்படுத்துகிறது. எனவே ஒவ்வொருவருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் வைப்பதை வழக்கமாக்க வேண்டும்.

மாற்றுவதற்கு முன்

வேலையை ஒரு கொப்பியில் எழுதித் தொடங்க வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை:

1. பழைய கணனியில் கரிய கட்டளைத் திரையைத் திறந்து 'நெற் ஷெயார்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால், எவையெவை பகிரப்பட்டுள்ளன என்ற பட்டியல் வரும். மற்றக் கணனிகளில் ஒவ்வொரு பாவனையாளரின் கணக்கிலும் 'நெற் யூஸ்' என்று தட்டினால், எந்த எழுத்து எந்த முகவரிக்குப் போகிறது என்பது வரும். இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள்.

2. ஒவ்வொரு கோப்புறைக்கும் எதிரே இரண்டு நிரல் கீறுங்கள். ஒன்றில் வாசிக்க மட்டும் அனுமதி உள்ளவர். மற்றதில் திருத்தவும் அனுமதி உள்ளவர். கடன் கணக்கைத் திருத்துபவர் ஒருவரோ இருவரோதான் இருக்க வேண்டும். உறுதிகளின் படப்பிரதிகளை எவரும் திருத்தத் தேவையில்லை.

3. பகிரப்படாத மூலைகளையும் தேடுங்கள். மேசைத்திரை, 'டவுன்லோட்ஸ்' கோப்புறை, மின்னஞ்சல் இணைப்புகள் ஆகியவற்றில் ஒருவர் அவசரத்துக்கு வைத்த விண்ணப்பமே பின்னர் கிடைக்காமற் போவது.

4. எழுத்துருக்களை எடுத்து வையுங்கள். எங்கள் பழைய ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினி இல்லாத கணனியில் அவற்றைத் திறந்தால் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டதென்று எண்ணி அழித்துவிடும் அபாயம் உண்டு. எழுத்துருவைப் புதிய கணனியில் நிறுவினால் தமிழ் மீண்டும் தெரியும். பின்னர் ஆறுதலாக யூனிகோட் முறைக்கு மாற்றலாம். மாற்றிய பின்னும் மூலக் கோப்பை வைத்திருங்கள்; பெயர்களில் பிழை நேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

5. கணனியைத் தொடும் முன் எல்லாவற்றையும் ஒரு வெளி வன்தட்டில் படியெடுத்து, அதைக் கழற்றி அலுமாரியில் பூட்டுங்கள். வேலை முடிந்து ஒரு மாதம் வரை அதில் எதையும் அழிக்க வேண்டாம்.

மாற்றும் நாளில்

1. எல்லோரும் கோப்புகளை மூடிய பின்னர் படியெடுக்க வேண்டும். ஒருவர் பழையதில் எழுதிக்கொண்டிருக்க மற்றவர் புதியதில் எழுதினால், ஒரே கடன் கணக்கு இரண்டாகிவிடும். பின்னர் எது சரியென்று தீர்ப்பது பெரும்பாடு.

2. படியெடுத்த பின் எண்ணிப் பாருங்கள். பழைய கோப்புறையின் 'புரொப்பேர்ட்டீஸ்' பகுதியில் கோப்புகளின் தொகையும் அளவும் தெரியும். புதியதிலும் அதே தொகை இருக்க வேண்டும். நெல் மூடைகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணுவது போல இது. 'ரோபோகொப்பி' என்ற கட்டளையைப் பாவிப்பவர்கள், அதில் 'மிரர்' என்ற தெரிவு, மூலத்தில் இல்லாதவற்றைச் சேரிடத்திலிருந்து அழித்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. திசை மாறினால் எல்லாம் போய்விடும்.

3. பழைய கணனியை வலையமைப்பிலிருந்து கழற்றுங்கள். அதன் பின் புதிய கணனிக்குப் பழையதின் பெயரையே வையுங்கள். பகிர்ந்த கோப்புறைக்கும் பழைய பெயரையே கொடுங்கள். கிணறு புதிது, ஆனால் முகவரி பழையது. வாய்க்காலை மீண்டும் வெட்டும் வேலை பெரும்பாலும் குறையும். ஒரே பெயரில் இரண்டு கணனிகள் ஒரே நேரத்தில் இயங்கக் கூடாது.

4. புதிய கணனி வலையமைப்பைப் 'பிறைவேற்' என்று கருதுகிறதா எனப் பாருங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் கோப்புப் பகிர்வை அது வழமையாக மறைத்துவிடும். பேருந்து நிலையத்து வைபை போல அது உங்கள் அலுவலகத்தையும் நம்பாது.

5. மற்றக் கணனிகளில் பழைய கடவுச்சொற்கள் சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றை நீக்கிப் புதியதை இடுங்கள். அதே எழுத்தையே மீண்டும் கொடுங்கள். கணக்குத் தாள்களில் ஒரு கோப்பு இன்னொன்றிலிருந்து தொகையை எடுக்கும்போது 'இசட்' என்ற எழுத்தே எழுதப்பட்டிருக்கலாம். எழுத்து மாறினால் தொகை வராது. புதிதாக எழுத்துத் தெரிவு செய்பவர்கள் அகரவரிசையின் கடைசி எழுத்துகளை எடுப்பது நல்லது. பென் ட்ரைவ் செருகும்போது முன் எழுத்துகளைப் பிடித்துக்கொள்ளும்.

6. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் ஒரு கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்துப் பார்க்க வேண்டும். திருத்தக் கூடாதவர் திருத்த முயன்று, முடியவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். அச்சுப் பொறியையும் சோதியுங்கள்.

இன்னுமொன்று. வலையமைப்பு ட்ரைவில் அழித்த கோப்பு வழமையாகக் குப்பைக்கூடைக்குப் போவதில்லை, நேரே அழிந்துவிடும். புதியவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

பிரதி எங்கே?

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் கணனி மேகக் கட்டமைப்பு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசின் மின்னஞ்சல் முகவரியைப் பாவித்த அலுவலகங்கள் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளை இழந்தன. பாவனையில் இருந்த மென்பொருள் பழையது. கட்டமைப்புடன் தொடுக்கப்பட்டிருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அக்காலத்துக்குக் கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை.

அரசுக்கே இது நேர்ந்ததெனில் நான்கு கணனி உள்ள அலுவலகம் எம்மாத்திரம்? இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று: எப்போதும் செருகியிருக்கும் பிரதி பிரதியன்று. ஒரு கணனியில் நுழையும் தீய நிரல், அதில் தெரியும் 'இசட்' ட்ரைவையும் செருகியுள்ள வெளி வன்தட்டையும் சேர்த்தே பூட்டும். ஆகவே மூன்று பிரதி வேண்டும். ஒன்று வேலை செய்யும் கணனியில். ஒன்று கழற்றி வைத்த வன்தட்டில். ஒன்று வேறோர் ஊரில். கொழும்பில் இருப்பதை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வையுங்கள்; அங்கிருப்பதை இங்கே வையுங்கள். 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கொழும்பைச் சூழ்ந்த பகுதிகளில் வீடுகளும் கடைகளும் நீரில் நின்றதை மறக்கலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் அதனோடு எரிந்தன. அச்சிட்ட நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. அந்த ஏடுகளை வாங்க ஒரு கடையும் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கழற்றி வைத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். முளைக்குமா என்று பாராத விதையை எவரும் வயலில் விதைப்பதில்லை.

பழைய கணனி யார் கைக்குப் போகிறது?

கணனி மாறியதும் பழையதை விற்கிறோம், அல்லது பாடசாலைக்குக் கொடுக்கிறோம். கொடுப்பது நல்லதே. ஆனால் அதனுள் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், காணாமற் போனவரின் விபரம் எல்லாம் இருக்கின்றன. கோப்பை அழித்தாலும், வன்தட்டை விரைவு முறையில் துடைத்தாலும், தெரிந்தவர் மீட்டெடுக்க முடியும். பட்டியலில் பெயர் இருப்பது ஒரு குடும்பத்துக்கு உதவியையும் தரலாம், ஆபத்தையும் தரலாம் என்பதை எம் மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் தரவுகளை வைத்திருந்த கணனிகளுக்குள் இனந்தெரியாதோர் நுழைந்தனர். போராலும் அனர்த்தத்தாலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற் போனவர்கள் உட்பட 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அவற்றில் இருந்தன. பெரிய அமைப்பொன்றுக்கே இது நேரும்போது, கடைத்தெருவில் விற்கும் வன்தட்டைக் கவனியாது விடலாமா? இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவென இயற்றப்பட்டுள்ளது.

ஆகவே பழைய கணனியைக் கொடுக்கும்போது வன்தட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஒரு மாதம் அலுமாரியில் வைத்து, ஒன்றும் தவறவில்லை என்று கண்ட பின், துளையிட்டு உடைத்துவிடுங்கள். வாங்குபவருக்குப் புதிய வன்தட்டு போட அதிகம் செலவாகாது.

உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் தம் காணிக்குச் செல்ல முடியாதிருந்தவர்கள், பிறர் நீண்டகால ஆட்சியால் உரிமை கோரும்போது தம் உரிமையை நீதிமன்றில் வலியுறுத்த வழி செய்தது. அதற்கும் கால எல்லை இருந்தது. இத்தகைய வாய்ப்பு வரும்போது ஆவணத்தைத் தேடுவதிலேயே காலம் கழியக் கூடாது.

கணனியில் உள்ள படம் உறுதிக்கு ஈடாகாது. மூல உறுதியை நீங்களே பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிச் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் அந்தத் தேடலுக்கு உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் திகதியும் பெரிதும் உதவும். அவற்றைச் சொல்லப் போவது சங்கத்தின் கணனியில் உள்ள படப்பிரதியே. ஒரு கோப்பு தவறினால் ஒரு குடும்பத்தின் தேடல் ஆண்டுக்கணக்கில் நீளலாம்.

அடுத்த கூட்டத்தில் சிறு குழுக்களாகப் பிரிந்து பின்வருவனவற்றைப் பேசுங்கள்:

1. எமது சங்கத்தின் பதிவுகள் எந்தக் கணனியில், எந்த ஊரில் இருக்கின்றன? அக்கணனி எவ்வளவு பழையது?

2. கழற்றி வைத்த பிரதி உண்டா? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் யார், எப்போது?

3. எமது விபரங்களை வாசிக்கக் கூடியவர்கள் யார்? திருத்தக் கூடியவர்கள் யார்? பொறுப்பிலிருந்து விலகியவரின் கடவுச்சொல் நிறுத்தப்பட்டதா?

4. கணனி பார்ப்பவர் ஒருவர் மட்டுந்தானா? அவர் வெளிநாடு சென்றுவிட்டால் வழி தெரிந்த மற்றொருவர் யார்? கொப்பி எங்கே இருக்கிறது?

5. இதற்கு முன் மாற்றிய கணனியின் வன்தட்டு என்னவாயிற்று?

இவற்றுக்கு விடை தெரியாவிட்டால், கூட்டக் குறிப்பில் அதை எழுதி, பதில் தரவேண்டியவரின் பெயரையும் நாளையும் குறித்துவிடுங்கள். கிணற்றில் பங்குள்ளவர் எவரும் கிணற்றடியை எட்டிப் பார்க்க வெட்கப்படுவதில்லை.